மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மனைவி, என் மகள் ஆகிய மூவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறையாவிட்டால் நான் நம்பியதோடு சரி. மூன்று பேர் நலம் என்று எழுதிவிட்டு நாலாவது ஆளைப் பற்றி மூச்சு விடவில்லையே என்று தாங்கள் பதறுவது எனக்குத் தெரிகிறது. பதற வேண்டாம். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமானவர் உடலளவில் சௌக்கியம். அவர் தற்சமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலும், பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும், மீன் சந்தைச் சுவரிலும், பொதுக் கழிப்பறையின் இரண்டு பக்கங்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறார். அது சம்பந்தமாகவே சம்பந்திக்கு இக்கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கம் மாப்பிள்ளை காதில் விழும், அந்தப் பக்கம் சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் புகாரையும் அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். ஆகவே அடியிலிருந்தே வருகிறேன். கல்யாணம் பேச வந்தபோது தாங்கள், "பையன் பொய்யே பேசமாட்டான்" என்று சொன்னீர்கள். பையனைப் பெற்றவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன். அது நிஜம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். மெத்தைக் கடையில் மாப்பிள்ளை வேலை பார்க்கிற லட்சணம் தங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒருத்தர் ஆசை ஆசையாக வந்து, இருப்பதிலேயே பெரிய மெத்தையின் மேல் கை வைத்தால், இவர் பக்கத்தில் போய், "அது வேண்டாங்க, ஒரு வருஷத்துல நடுவுல குழி விழுந்துடும், உங்க உடம்புக்கு இன்னும் சீக்கிரமே விழும்" என்கிறார். வந்தவர் மெத்தையை வாங்காமல், உடம்பைப் பற்றிய கவலையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனாலும் வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. காரணம், மாப்பிள்ளையின் தூக்கம். எந்த மெத்தையில் படுக்கச் சொன்னாலும் படுத்த மாத்திரத்தில் கண் பாதி சொருகி, முகத்தில் ஒரு புன்சிரிப்பு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கே கொட்டாவி வரும். முதலாளி அந்தச் சிரிப்பை ஆள் வைத்துப் படம் எடுத்து, "கவலையை இறக்கி வையுங்கள்" என்று கீழே எழுதி, கடை விளம்பரத்தில் போட்டார். அதுவரைக்கும் சரி.

படம் எடுத்த அதே விளம்பரக் கம்பெனிக்கு ராணுவத்திற்கு ஆள் சேர்க்கும் விளம்பரமும் வந்திருக்கிறது. அந்தப் புண்ணியவான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிதாக ஒரு முகத்தைத் தேடி அலைவானேன் என்று, கைவசம் இருந்த மாப்பிள்ளையின் தலையைத் தலையணையிலிருந்து கழற்றி, நிமிர்த்தி, யாரோ ஒரு கட்டுமஸ்தான ஆளின் கழுத்தில் வைத்துவிட்டார்கள். மெத்தைக் கடை முதலாளி சரி என்று கையெழுத்துப் போட்டாராம். தலைக்குச் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை. படுத்திருந்த தலையை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து முடி அப்படியே தட்டையாக ஒட்டிக்கிடக்கிறது, கேட்டால் எதிர்க்காற்றாம். கண் பாதி சொருகியிருப்பதைப் பார்த்து, "என்னா தீர்க்கமான பார்வை, தூரத்துல எதிரியப் பாக்குறாரு பாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அவர் பார்ப்பது தூக்கத்தை என்பது எனக்குத் தெரியும், என் மகளுக்கும் தெரியும். மகள் முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது அசையாமல் நின்று பார்த்துவிட்டு, "தோள் மட்டும் அவரோடது இல்லப்பா" என்றாள். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்ததாக என் மனைவி சொல்கிறாள். நான் அதற்குள் போகவில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருக்கிறது: "வாருங்கள். தொழில் கற்றுத் தருகிறோம். உலகத்தைக் காட்டுகிறோம். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. பஸ்ஸில் கண்டக்டர் இவரிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார். இவர் டிக்கெட் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி பஸ் நடுரோட்டில் நின்று, பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்து, கடைசியில் மாப்பிள்ளை இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். முடி வெட்டுகிறவர் கேட்காமலேயே ஒட்ட வெட்டிவிட்டு, "உங்க ரூலு எனக்குத் தெரியாதா சார்" என்கிறார். தெருவில் பையன்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். இவர் "நான் அது இல்லைங்க, நான் மெத்தைக் கடை" என்று கையை ஆட்டினால் அதையும் பதில் சல்யூட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர் அல்லவா, போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல, "வெளியில சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போலிருக்கு, பாவம்" என்று இன்னும் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. போன வாரம் குளியலறையில் ஒரு கரப்பான் பூச்சியைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் ஓடி வந்தார். வந்தவர் என் தோளைத் தட்டி, "சண்டையில பட்ட பாதிப்புங்க, அதெல்லாம் சட்டுனு போகாது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பூச்சியை அடித்தது என் மகள். மெத்தைக் கடை வாசலில் "போர்வீரர் உறங்கும் மெத்தை" என்று முதலாளி ஒரு பலகை வைத்தார், மாப்பிள்ளை அதைக் கழற்றிக் குப்புறப் போட்டார், முதலாளி நிமிர்த்தினார், இவர் கவிழ்த்தார். இந்தக் கூத்து இன்றுவரை நடக்கிறது.

இதுவரை எழுதியது சிரிக்கிற விஷயம். நானும் சிரித்தவன்தான், பொய் சொல்வானேன். இனிமேல் எழுதுவது அப்படி இல்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, கிழிந்த பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிற ஒரு அம்மா இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ஜிப்பம்மா. மாப்பிள்ளையின் படத்தை அவருடைய மிஷினுக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே நிமிர்ந்தால் அந்த முகம்தான். ஒரு சாயங்காலம் அவர் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை. அப்போதுதான் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்தவர். படத்தில் இருக்கிற அதே முகம். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானே தம்பி கூப்பிட்டீங்க?" என்றார்.

"யாரைங்க?"

"என் பையன."

பையன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். படத்தைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிக் கொடுத்து, உயரம் எடை எல்லாம் தேறி, வருகிற திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தார். "நான் வேண்டாங்கல தம்பி. எத்தனை நாளைக்குத்தான் டயர் கடையில கறுப்பாவே கெடப்பான், போகட்டும். ஆனா தெரிஞ்சு போகட்டும்னு பாக்கறேன். உங்க எழுத்துல எல்லாம் புரியுது. தொழில் கத்துத் தர்றீங்க, சரி. உலகத்தக் காட்டறீங்க, சரி. கடைசி வரி ஒண்ணுதான் புரியல. மத்தத நாங்க பாத்துக்கறோம்னு போட்டிருக்கே, அந்த மத்தது எது?"

மாப்பிள்ளை விழித்தார். அந்தம்மா விடவில்லை. "இந்தப் பாத்துக்கறோம்ங்கிற வார்த்தைய நான் நெறையக் கேட்டவ. என் வீட்டுக்காரரு பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனவர்தான், இன்னிக்கு வரைக்கும் திரும்பிப் பாக்கல. வீட்டுச் சொந்தக்காரரு பாத்துக்கறேன்னு சொன்னா சாமானத் தூக்கி வெளிய வைக்கப் போறாருன்னு அர்த்தம். குழாயில தண்ணி வரலேன்னு ஆபீசுக்குப் போனா, அங்க ஒருத்தர் தலையத் தூக்காமலேயே பாத்துக்கறோம்மான்னாரு, அதோட எத்தனையோ கோடை போயிடுச்சு. உங்களது இதுல எந்தப் பாத்துக்கறது?"

தலையைத் தூக்காத அந்த ஒருத்தர் யாராக இருக்கும் என்று நான் ஆராயப் போகவில்லை. பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அதுல இருக்கறது என் தலை மட்டுந்தான்" என்றார் மாப்பிள்ளை. "நான் அங்க போனதே இல்லம்மா. நான் மெத்தை விக்கறவன்." ஊரில் ஒருத்தரும் நம்பாத இந்த வார்த்தையை அந்தம்மா உடனே நம்பிவிட்டார். "வந்ததுலேர்ந்து பாக்கறேன், தோளக் காணோமேன்னு" என்றார். எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: "அப்ப யாருதான் தம்பி கூப்பிட்டது? மூஞ்சி போட்டிருக்கே, வீடு தெரியுமே, நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன். கூப்பிட்டவங்க யாருன்னே தெரியாம எப்படிப்பா அனுப்பறது?"

படுத்த மாத்திரத்தில் தூங்குகிறவர் அன்று விடிய விடியப் புரண்டார் என்று மகள் சொன்னாள். மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் வந்து, "மாமா, நான் ஆள் சேக்கற ஆபீசுக்குப் போறேன். அந்த வரிய மாத்தச் சொல்லப் போறேன்" என்றார். என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களும் கூடப் போங்க. தனியா விட்டா பேசிக்கிட்டே இருக்கும்போது சேந்துட்டு வந்து நிப்பாரு" என்றாள். போனேன்.

வாசலிலேயே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேரையும் ஒரு கேமராவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். உள்ளே நீளமாக ஒரு பெஞ்சு, அது நிறையப் பையன்கள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இவர் "உக்காருங்க, உக்காருங்க, நான் மெத்தைக் கடை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிப்பந்தி டேப்போடு வந்து, வரிசையில் நிற்கிற ஆள் என்று நினைத்து, கையைத் தூக்கச் சொல்லி மார்பைச் சுற்றி அளந்துவிட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், இழுத்தார். விடச் சொன்னார், விட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை போலும். "தகுதியில்லை" என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். சுவரில் அதே மாப்பிள்ளை, ஆள் உயரத்துக்கு, "வாருங்கள்" என்கிறார். கீழே அதே மாப்பிள்ளை தகுதியில்லை என்ற சீட்டோடு நிற்கிறார். சிப்பந்தி அடுத்து என்னிடம் வந்தார். பென்ஷன் வாங்குகிறவன் என்றேன். "வயது அதிகம்" என்று எனக்கும் ஒரு சீட்டு.

விளம்பரப் பிரிவில் ஒரு அதிகாரியம்மா. குறை சொல்லக்கூடாது, உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "விளம்பரம்னா அப்படித்தான் சார் இருக்கும். நீங்க மெத்தை விக்கறவர்தானே, இதுல படுத்தா இடுப்பு வலிக்கும்னு விளம்பரத்துல போடுவீங்களா?"

"போடமாட்டோம் மேடம்" என்றார் மாப்பிள்ளை. "ஆனா கடைக்கு வந்து கேட்டா சொல்லிடுவேன். படுத்துப் பாருங்கன்னு சொல்வேன். எடுத்துட்டுப் போயி பிடிக்கலேன்னா திருப்பிக் கொண்டாங்கன்னும் சொல்வேன். இங்க வந்து பிடிக்கலேன்னா அந்தப் பையன் திரும்பிப் போலாமா மேடம்?"

"அது எப்படி முடியும்? ஒப்பந்தம் ஏழு வருஷம்."

"அது படத்துல இல்லையே?"

"சேர்றப்ப குடுக்கற தாள்ல இருக்கும் சார். கையெழுத்துப் போடும்போது படிச்சுக்கலாம்."

"அவங்க என் மூஞ்சியப் படிச்சுட்டு வர்றாங்க மேடம்" என்றார் மாப்பிள்ளை. "தாள எங்க படிக்கறாங்க?"

சம்பந்தி, நான் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நின்றவன். அப்படி ஒரு பேச்சை அதுவரை கேட்டதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, குனியவும் இல்லை. மெத்தையில் குழி விழும் என்று சொல்கிற அதே குரல். அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாத்தையும் சொன்னா அப்புறம் யாரு சார் வருவா? நாட்டுக்கு ஆள் வேணாமா?" என்றார். அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "சொல்லியும் வர்றவன் இருப்பான் மேடம். அவன்தானே உங்களுக்கு வேணும்?" என்றார். அதிகாரியம்மா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். கடைசியில், "நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்வையை என் பக்கம் திருப்பி, "சாருக்கு நல்ல கண்டிப்பான முகம்" என்றார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலையே மாப்பிள்ளை டயர் கடைக்குப் போய் அந்தப் பையனிடம் ஏழு வருஷ விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்தில் தொழில் கற்றுக்கொண்டு வந்து, அம்மாவுக்குக் கூரை உள்ள ஒரு கடை வைத்துக் கொடுக்கலாம் என்று பையன் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அதனால் நம்ப அவனுக்குப் பிடிக்கவில்லை. "எங்கம்மா சொல்லச் சொன்னாங்களா? நீங்க மட்டும் போயிட்டு வந்து ஜம்முனு இருக்கீங்க, நான் போகக்கூடாதா?" என்று டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை செய்வதுதான் என்னால் தாங்க முடியாதது. வேலை விட்டதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொள்கிறார். வருகிறவர்கள் மேலே பார்க்கிறார்கள், கீழே பார்க்கிறார்கள். "ஆமாங்க, நான்தான்" என்கிறார். "தோள் என்னுது இல்ல. இது மெத்தையில படுத்திருந்தப்ப எடுத்த படம். நான் அங்க போனதில்ல, போனா சேத்துக்கவும் மாட்டாங்க" என்று அந்தத் தகுதியில்லை என்ற சீட்டை எடுத்துக் காட்டுகிறார். "போறவங்க போங்க. ஏழு வருஷம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மத்தது என்னன்னு போயிட்டு வந்தவங்களக் கேட்டுட்டுப் போங்க." கூட்டம் கூடுகிறது, சிரிக்கிறார்கள், சில பேர் திட்டுகிறார்கள். நாட்டுப்பற்று இல்லாதவன் என்று ஒருத்தர் துப்பிவிட்டுப் போனார். என் மகள் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நிற்கிறாள். போதாக்குறைக்கு ஆஸ்பத்திரியில் லிப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறார். அவர் நிஜமாகவே ராணுவத்துக்குப் போய் ஏழு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பக்கத்துக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைக் கூட்டி வந்து, பையன் முன்னால் பேச வைக்கப் போகிறாராம். திங்கட்கிழமை விடிந்தால் பையன் கையெழுத்துப் போட்டுவிடுவான், அதற்குள் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று துடிக்கிறார்.

சம்பந்தி அவர்களே, நான் ஒரு மூலையில் மரியாதையாக உட்கார்ந்து காலத்தைத் தள்ளுகிறவன். அரசாங்க விஷயம். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என் பென்ஷன் என்ன ஆகும், மாப்பிள்ளையின் வேலை என்ன ஆகும், என் மகள் கதி என்ன? ஊரில் யாரோ ஒருத்தர் பையன் போனால் போகிறான், போகாவிட்டால் இருக்கிறான், நமக்கென்ன? ஆகவே, பெற்ற தகப்பன் என்ற முறையில் தாங்கள் தங்கள் மகனுக்கு நாலு வார்த்தை கண்டிப்பாக எழுதி, அவரை அடக்கி வைக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கள் கைக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் புகாரைப் பதிவு செய்து வைப்பது என் பழக்கம்.

சம்பந்தியம்மாவின் முழங்காலை மறுபடியும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் நல்ல கண்பார்வையோடும் பிடிமானமான பல்லோடும் நெடுங்காலம் இருந்து, பேரன் பேத்திகளின் சத்தத்தில் தூக்கம் கெட்டு, சகல நலங்களோடும் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி.

பின்குறிப்பு: இக்கடிதத்தை ஒட்டி, விலாசமும் எழுதி, தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இன்று செவ்வாய்க்கிழமை வரை திரிந்திருக்கிறேன். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே கண்ட புகார் வாபஸ். படித்திருந்தால் படிக்காததாகப் பாவிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரர் வந்தார். மேடையா போடுவார்கள், ஜிப்பம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பையனும் வந்தான், முறைத்துக்கொண்டுதான் வந்தான். நல்ல காது எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கமாக உட்கார்ந்தான். லிப்ட்காரர் நல்லதையும் சொன்னார். சம்பளம் ஒழுங்காக வரும் என்றார். "கூட இருந்தவனுங்க மாதிரி ஆளுங்க இந்த ஜென்மத்துல கெடைக்க மாட்டாங்க. அதுல ரெண்டு பேரு இப்ப இல்ல" என்றார். ஈரத்தில் நின்று நின்று கால் தோல் உரிவதைச் சொன்னார், வீட்டில் சாவு விழுந்தாலும் லீவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். "சுடச் சொன்னா சுடணும் தம்பி. சுட்டேன். அப்புறம் தூக்கம் வராது, இவரு விக்கற எந்த மெத்தையில படுத்தாலும் வராது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பையன் மெதுவாக, "மத்தது எதுன்னு எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான். "இதுதான் தம்பி மத்தது" என்றார் லிப்ட்காரர்.

திங்கட்கிழமை பையன் போய்விட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் செய்தி கேட்டு ஜிப்பம்மாவிடம் போனேன். அவர் மிஷினை ஓட்டிக்கொண்டே, "ராத்திரி எங்கிட்ட எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சொன்னான். சொல்லிட்டு, இருந்தாலும் போறேம்மான்னான். தெரிஞ்சுதான் போறான்" என்றார். "அவன் பைக்குப் புது ஜிப்பு வச்சுக் குடுத்தேன். இருக்கறதுலேயே கெட்டியானது. ஏழு வருஷம் தாங்கும்." பிறகு நிமிராமலே தைத்தார்.

அப்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை படத்தின் மேல் புதிதாக ஒன்றை ஒட்டியிருந்தார்கள், பசை இன்னும் காயவில்லை. ஒரு கண்டிப்பான கிழவன், யூனிபார்ம் போட்ட ஒரு பையன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். கீழே எழுத்து: "என் மகனை அனுப்பினேன். பெருமைப்படுகிறேன். நீங்கள்?" முகம் என்னுடையது. நுழைவுச் சீட்டுக்கு எடுத்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது, நான் படிக்கவில்லை. "இடுப்பு மட்டும் உங்களோடது இல்ல" என்கிறாள் என் மனைவி. எனக்கு இருப்பது ஒரே மகள் என்பதைத் தாங்களே அறிவீர்கள். காலையிலிருந்து மூன்று தகப்பன்மார்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? எனக்கு வரமாட்டேங்குது" என்று கண் கலங்கினார்.

ஆகவே இன்று சாயங்காலம் நானும் போய் நிற்கப் போகிறேன். எனக்கு மகன் கிடையாது, நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "வாங்க மாமா, நான் பக்கத்துலேயே இருக்கேன்" என்று வாசலில் காத்திருக்கிறார். அவருக்குத் தாங்கள் ஒரு வரியும் எழுத வேண்டாம். தாங்கள் எப்படி வளர்த்தீர்களோ அப்படியே இருக்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.